சத்தியாவை எடுத்த ரெண்டு வீடியோ

செட்டியார்பட்டி,
மார்கழி 11, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சூர்யபிரகாசுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் நடமாட்டமா இருக்கோம், எனக்குச் சுகர் மட்டும் ஏறி எறங்குது, மாத்திரையத் தப்பாமப் போட்டுக்கிடுதேன். அந்தப் பனிக்குள்ள நீ எப்பிடி இருக்க, மூக்குல ரத்தம் வருதுன்னு சொன்னியே அது நின்னுச்சா, காதை மூடிக்கிட்டு டூட்டிக்குப் போறியா, இதுக்கெல்லாம் மறக்காம பதில் எழுது. இங்க மழை விட்டு விட்டுப் பெய்யுது, மலை கண்ணுக்கே தெரியல, கீழ வயல்ல நெல்லு பால் புடிச்சு நிக்கு, மயிலு கூட்டங்கூட்டமா எறங்கி மிதிச்சு நாசம் பண்ணுது. உங்கம்மா உனக்கு எள்ளுப்பொடியும் நார்த்தங்காயும் பார்சல் போடணும்னு டப்பாவக் கழுவிக் காயவச்சிருக்கா. வீட்டுச் சேதி இம்புட்டுத்தான், மிச்சமெல்லாம் சத்தியாவப் பத்தினது.

போன ஞாயித்துக்கெழம போன்ல என்ன சொன்ன, ஆபரேசன் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, இன்னும் என்ன தாய் வீட்டுல இருப்பு, பொங்கலுக்கு முன்னால சோழபுரம் போயி அவளக் கூட்டிட்டு வந்துருங்க, தை கடைசியில நான் லீவுல வரும்போது என் பொண்டாட்டி என் வீட்டுல இருக்கணும்னு சொன்ன. நானும் சரி சரின்னு சொல்லி வச்சுட்டேன். ஆனா நான் கூட்டிட்டு வரப் போறதில்ல. நீயும் அவளை வான்னு சொல்லக் கூடாது. ஏன்னு கேப்ப. அதைப் போன்ல சொல்லலாம்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன், வரல. ஒனக்கு அங்க டவரு பாதியில போயிரும், டவரு போகலன்னா நீயே கோவத்துல கட் பண்ணிருவ, ரெண்டுல எது நடந்தாலும் பாதிச் சேதியோட நீ அந்த மலை மேல துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நிக்கணும். அதனாலதான் எழுதுதேன். முழுசா வாசி, நடுவுல மடிச்சு வச்சுராத.

தை மாசம் கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் இருந்துட்டு நீ ஜம்முவுக்குப் போயிட்ட. சித்திரையில ஒரு நா சத்தியா கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டே பொத்துன்னு விழுந்தா. வைகாசியில ரேசன் கடை வரிசையில நிக்கும்போது விழுந்தா. விழுந்ததும் கையும் காலும் ரெண்டு மூணு வெட்டு வெட்டும், பொறவு ஒரு நிமிசத்துல கண்ணைத் தொறந்து எந்திரிச்சு உக்காந்து தண்ணி கேப்பா, செத்த நேரத்துல வேலையப் பாக்கப் போயிருவா. இங்க ஒரு டாக்டர் வலிப்புன்னு சொல்லி மாத்திரை குடுத்தாரு, அது கேக்கல. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது என்னன்னா எனக்கு அப்பவே சந்தேகம் வந்துருச்சு. வலிப்புக்காரங்களை நான் ஸ்டேசன்ல எத்தனையோ பாத்திருக்கேன், நொரை தள்ளும், எந்திரிச்சாலும் அரை மணி நேரம் கெறங்கிப் போயிக் கெடப்பாக. இவ என்ன ஒரு நிமிசத்துல எந்திரிச்சு முடியக் கோதிக்கிடுதான்னு நெனச்சேன். முப்பத்தோரு வருசம் காக்கி போட்டவன், எவன் பொய் சொல்லுதான்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன்னு பேரு வாங்குனவன், அந்தத் திமிரு இன்னும் போகலடா. ரிட்டையர்டு ஆனாலும் அது ரிட்டையர்டு ஆகல.

ஆடி பொறந்துச்சு. தலை ஆடிக்குப் பொண்ணைத் தாய் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறது வழக்கம், உன் மாமனார் கண்ணுச்சாமி ஆடி ஒண்ணாந் தேதியே சீர்த்தட்டோட வாரேன்னு சொல்லிட்டாரு. நான்தான் குறுக்க விழுந்தேன். உன் பரிபூரணம் அத்தை பேத்திக்குக் காது குத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடி எட்டாந் தேதி வச்சிருந்தா, வீட்டுக்கு வந்த மொத மருமக அதுல இல்லன்னா நல்லா இருக்காது, அது முடிஞ்சு போகட்டும்னு சொன்னேன். சத்தியா சரி மாமான்னு உள்ள போயிட்டா. அன்னைக்குக் காலையில பதினோரு மணிக்கு உள் ரூம்புல விழுந்தா. எனக்கு மண்டைக்குள்ள சுர்ருன்னு ஏறுச்சு. தாய் வீட்டுக்குப் போகணும்னு நாடகம் போடுதா, இன்னைக்குக் கையும் களவுமாப் புடிக்கேன்னு போனை எடுத்தேன். நீ மிலிட்டரி கேண்டீன்ல வாங்கிக் குடுத்தியே அந்தப் போனுதான். போனை நெட்டக் குத்தலா வச்சு, அவ மூஞ்சிய மட்டும் கிட்டத்துல புடிச்சு, ஜன்னல் அவளுக்குப் பின்னால இருக்கு, பச்சைச் சுவரு பக்கத்துல இருக்கு, அந்த ரூம்புல மத்தியானமும் மஞ்ச பல்பு எரியுது, அதுலயே எடுத்தேன். எடுத்துக்கிட்டே சத்தமா சொன்னேன், நடி, நல்லா நடி, எம்புட்டு நேரம் நடிக்கன்னு பாப்போம்னு. உங்கம்மா வேண்டாங்க வேண்டாங்கன்னு கையப் புடிச்சா, அவளைத் தள்ளிவிட்டேன்.

எடுத்த வீடியோவப் பாத்தா சத்தியா மொகம் ரோசாப்பூ மாதிரி இருக்கு. உதடு செவசெவன்னு இருக்கு. தூங்குற பிள்ளை மாதிரி இருக்கு. பாத்தியா, ஒடம்புக்கு முடியாதவ மொகமா இதுன்னு உங்கம்மாகிட்டக் காட்டினேன். ஒடனே ஒவ்வொருத்தருக்கா தட்டி விட்டேன், பரிபூரணத்துக்கு விட்டேன், சொந்தக்காரங்களுக்கு விட்டேன், கண்ணுச்சாமிக்கு உங்க மகள் நடிப்பைப் பாருங்கன்னு எழுதியே விட்டேன், உனக்கும் விட்டேன். மறுநா காலையில கண்ணுச்சாமி மொத பஸ்ஸுக்கு வந்து நம்ம வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு. ஏட்டையா, பிள்ளை புத்தி கெட்டுப்போயிப் பண்ணிட்டா, மனசுல வச்சுக்கிடாதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. பொறவு அவளைக் கூப்புட்டு தெருவே கேக்க ஏசினாரு. பெத்த தகப்பன், வெத்தலைக் கொடிக்காலுக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு வாய் தொறந்து பேசாத மனுசன், என் போன்ல இருந்த படத்தை நம்பி மகளை ஏசினாரு. சத்தியா தலை நிமிரவே இல்ல. அவ அய்யாவப் பாத்து ஒரு வார்த்தை நான் நடிக்கலன்னு கூடச் சொல்லல. அதையும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா, குத்தத்தை ஒத்துக்கிட்டான்னு நெனச்சேன்.

அதுக்குப் பொறவு பரட்டாசி மூணாஞ் சனிக்கெழம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல நம்ம திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு எல்லாரும் போனோம். படி ஏறும்போது சத்தியா உங்கம்மாவுக்கு ரெண்டு படி முன்னால போனா, திடீர்னு கல்லுல மொகம் அடிக்க விழுந்தா. சனிக்கெழமக் கூட்டம் உனக்குத் தெரியுமே, ஆளாளுக்குச் சாவிக்கொத்தைக் கையில திணிக்காக, இரும்பைக் குடு இரும்பைக் குடுன்னு கத்துதாக, நாலு பேரு தூக்கி நிமுத்தி உக்கார வைக்காக. முன்பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சு போச்சு, மணிக்கட்டு வீங்கிருச்சு. நீ அப்ப வீடியோ கால்ல பல்லு என்னாச்சுன்னு கேட்டப்ப படியில வழுக்கிருச்சுன்னு அவளைச் சொல்லச் சொன்னது நான்தான். நடிக்கிறவ பல்லை ஒடச்சுக்கிடுவாளான்னு எனக்கு அப்பத்தான் லேசா ஒரைச்சுது, ஆனாலும் வீம்பு விடல.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பியூலா டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனோம். அவிய பல்லையும் கையையும் பாத்துட்டு, எப்பிடி விழுந்தா, விழுறதுக்கு முன்னால மொகம் எப்பிடி இருந்துச்சு, எத்தனை நேரம்னு ஒண்ணொண்ணாக் கேட்டாக. நானும் சாட்சி கொண்டாந்தவன் மாதிரி போனை எடுத்து நீட்டினேன். அவிய பாத்தாக. திரும்பவும் பாத்தாக. இந்தச் சத்தம் யாரோடதுன்னு கேட்டாக. என்னோடதுதான்னு சொன்னேன். என் போனை என் மூஞ்சிக்கு நேரா புடிச்சு ஒரு வீடியோ எடுத்து என்கிட்டக் காட்டினாக. தம்பி, என் கன்னத்துல பதினாறு வயசுல அம்மை போட்ட தழும்பு உனக்குத் தெரியும்ல, எம்புட்டு ஆழம், செரைக்கும்போது பிளேடு அதுல மாட்டும். அது போன்ல இல்லடா. கன்னம் வழுவழுன்னு இருக்கு, உதடு செவந்திருக்கு. ஐயா, உங்க போனு எல்லாத்துக்கும் பவுடர் பூசித்தான் காட்டுது, அழகுபடுத்துற செட்டிங் ஒண்ணு வாங்குன நாள்ல இருந்து ஓடிக்கிட்டு இருக்கு, இதுல இந்தப் பிள்ளையோட நெறம் எதுவுமே உண்மையில்ல, எனக்கு அந்த நெறந்தான் வேணும்னாக. வலிப்புல மொகம் ஒரு மாதிரி மாறும், வேற கோளாறுல வேற மாதிரி மாறும், இப்ப எடுத்த இசிஜில ஒண்ணும் தெரியல, விழுற நேரத்துல நடக்கிறதைப் பாத்தாத்தான் சொல்ல முடியும், ஆள் முழுசும் தெரியற மாதிரி, நெறம் மாறாம, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாக. அந்த அழகுபடுத்துறது இருக்கிறதே தெரியாம, பரவால்ல இந்த வயசுலயும் போன்ல நல்லாத்தான் இருக்கோம்னு நான் மனசுக்குள்ள சந்தோசப்பட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

எதுத்த வீட்டு அனுசியா இருக்கால்ல, போன்லயே சேலை வியாபாரம் பண்ணுதாளே, அவகிட்டப் போயிக் கேட்டேன். சேலையோட கலரு கொஞ்சம் மாறிக் காட்டினாலும் வாங்குனவுக திருப்பி அனுப்பிருவாக மாமா, அதனால கலரு விசயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாதுன்னு சொல்லிட்டு ஒக்காந்து சொல்லிக் குடுத்தா. அந்த பவுடர் செட்டிங்கை மொதல்ல அணைச்சா. பின்னால இருக்கிற கேமராவுலதான் எடுக்கணும், அதை மெத்துன்னு ஒரு பருத்தித் துணியால தொடைக்கணும், என் போன்ல எண்ணெய்க் கறை அப்பிக் கெடந்துச்சு. போனைப் படுக்க வைக்கணும், அப்பத்தான் தலையில இருந்து கால் வரைக்கும் அடங்கும். ரெண்டு முழங்கையையும் வெலாவோட ஒட்டிக்கிட்டா ஆட்டம் இருக்காது. விரலால இழுத்துப் பெருசு பண்ணக் கூடாது, வேணும்னா நாம ஒரு எட்டு முன்னால போகணும். வெளிச்சம் நம்ம முதுகுக்குப் பின்னால இருக்கணும், ஆளுக்குப் பின்னால இருந்தா மொகம் கருத்துப் போகும். மஞ்ச பல்பு ஆகாது, அந்தப் பச்சைச் சுவரு ஆகவே ஆகாது, அது மொகத்துலயும் பச்சையத் தெளிக்கும்னா. மொகத்து மேல விரலை அழுத்திப் புடிச்சா ஒரு பூட்டு மாதிரி வரும், பொறவு வெளிச்சம் கூடிக் கொறையாது. எடுக்கும்போது யாராவது கால் பண்ணினா வீடியோ நின்னு போகும், அதுக்கு ஏரோப்ளேன் பொம்மைய முன்னாலயே அமுக்கிரணும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொன்னா, பக்கத்துல ஒரு வெள்ளைத் துண்டை விரிச்சு வையுங்க, அந்த வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சா மத்த நெறமும் நெசம், நான் சேலைக்கு அப்பிடித்தான் வைப்பேன்னா. போன்ல எடம் இல்லாம குட் மார்னிங் படமா நெறஞ்சு கெடந்துச்சு, எல்லாத்தையும் அழிச்சுக் குடுத்தா.

பொறவு பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளை நான் எப்பிடி எழுதுவேன். வெளிச்சம் நல்லா விழுற பின் வராண்டாவுல சத்தியாவ இருக்கச் சொன்னோம், கீரை ஆயுறது, அரிசி பொடைக்கிறது எல்லாம் அங்கதான். தரையில பாய விரிச்சு மேல வெள்ளைத் துண்டு. நான் ஒரு நாக்காலியப் போட்டு உக்காந்து போனைக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்தேன். எதுக்குக் காத்துக் கெடந்தேன், பிள்ளை எப்ப விழுவான்னு. உங்கம்மாவப் பாயில படுக்கவச்சு நான் எடுத்துப் பழகினேன், காலை உதறு, கையை உதறுன்னு சொன்னேன், இதுக்கா என்னைக் கட்டிக்கிட்டு வந்தீகன்னு அவ ஏசிக்கிட்டே உதறினா, அதைப் பாத்து சத்தியா கூட லேசாச் சிரிச்சா. அந்த ஒடஞ்ச பல்லை மறைக்கக் கையை வாயில வச்சுக்கிட்டா. அவளுக்கு எல்லாம் தெரியும்டா. விழலன்னா இன்னைக்கும் விழலையேன்னு நாங்க நெனக்கிறது தெரியும். விழுந்தா அவளுக்கு என்ன ஆகும்னு அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. என் மனசுல அப்பவும் பாதி என்ன ஓடுச்சு தெரியுமா, வெளிச்சத்துல எடுத்தா நாடகம் வெளுத்துரும்னுதான் ஓடுச்சு.

ஐப்பசி பத்தொம்பதாந் தேதி காலையில பத்தரை மணி. கருவேப்பிலை உருவிக்கிட்டு இருந்தவ கை நின்னுச்சு. மாமா, கண்ணு இருட்டுதுன்னா. நான் ஏரோப்ளேனை அமுக்கிட்டு செவப்புப் புள்ளியத் தட்டினேன். அவ பாயில சாஞ்சா. தம்பி, ஒரு மனுச மொகத்துல இருந்து நெறம் எறங்கிப் போறதை நான் அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன். உதட்டுல இருந்து போச்சு, பொறவு கன்னத்துல இருந்து போச்சு. பக்கத்துல இருந்த துண்டு நெறம், அதே நெறம். கை கால் எல்லாம் ஈரத்துணி மாதிரி தொவண்டு கெடந்துச்சு. டாக்டரம்மா உங்கம்மாகிட்ட, ஒக்கார வைக்காதீங்க, ஒருச்சாச்சுப் படுக்க வையுங்கன்னு சொல்லியிருந்தாக, அவ ஓடியாந்து குனிஞ்சா. படம் மறைக்கு, தள்ளுன்னு நான் அதட்டினேன். தள்ளுன்னுதான் சொன்னேன், அது அந்த வீடியோவுலயும் இருக்கு. பொறவு கையும் காலும் வெட்டுச்சு. பொறவு ரத்தம் குபீர்னு மொகத்துக்கு வந்துச்சு, கண்ணைத் தொறந்தா. தொறந்ததும் அவ மொதல்ல பாத்தது என் கையில இருந்த போனை. ஒரு நிமிசம் பன்னெண்டு செகண்டு. என் கை ஒரு நூலளவு ஆடல.

டாக்டரம்மா பாத்துட்டு, ஐயா இம்புட்டுத் தெளிவா ஒரு வீடியோவ நான் பாத்ததில்ல, நல்ல வேலை பண்ணுனீகன்னு சொன்னாக. எனக்குப் பெருமையா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிசம் பெருமையா இருந்துச்சு. பொறவு அவிய போன்ல ஓடுற நம்பரைத் தொட்டுக் காட்டினாக. ஒம்பதாவது செகண்டுல வெளுக்குது, இருவத்தெட்டாவது செகண்டுல நெறம் திரும்புது, இது வலிப்பு இல்ல, இந்தப் பிள்ளைக்கு இருதயம் துடிக்கிறது நிக்குது, மூளைக்கு ரத்தம் போகாமத்தான் கையும் காலும் வெட்டுது, ரத்தம் திரும்பினதும் ஒடனே எந்திரிச்சிருதா, ஒரு நாள் திரும்பாம போனா அவ்வளவுதான்னாக. நெஞ்சுல ஒரு மிசினை மாட்டி ஒரு நா முழுக்க வச்சிருந்தாக, அதுலயும் ரெண்டு தடவை நின்னிருக்கு. மதுரையில ஆபரேசன் பண்ணி நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் வச்சது உனக்குத் தெரியும். தெரியாதது இதுதான். அந்தப் பத்தொம்பது செகண்டும் உன் பொண்டாட்டி உயிரு இல்லாமக் கெடந்திருக்கா, நான் முழங்கையை வெலாவுல ஒட்டிக்கிட்டு நின்னிருக்கேன். மொத வீடியோவையும் போட்டு எண்ணிப் பாத்தேன். அவ கண்ணைத் தொறக்கிற வரைக்கும் அதுல இருவத்திநாலு செகண்டு. அந்த இருவத்திநாலு செகண்டும் நடி நடின்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேன். ஆஸ்பத்திரி வாசல்ல டீக்கடை பெஞ்சுல உக்காந்து அழுதேன், உங்கம்மா என்கிட்ட வரல, தூரமா நின்னா.

ஆபரேசன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில இருந்தே சத்தியா சோழபுரம் போயிட்டா. ரெஸ்டுக்குப் போயிருக்கான்னு உன்கிட்டச் சொன்னேன். ரெஸ்டுக்கு இல்ல. போன வாரம் நான் மட்டும் வண்டிய எடுத்துக்கிட்டுப் போனேன். கண்ணுச்சாமி நாக்காலி எடுத்துப் போட்டாரு, மொகத்தைப் பாக்கல. சத்தியா நல்லா நடக்கா, மொகம் தெளிஞ்சிருக்கு, எடது தோளுக்குக் கீழ தழும்பு தெரியாம சேலையை இழுத்து விட்டுக்கிடுதா. நான் அவகிட்ட, தாயி நான் பெரிய பாவம் பண்ணிட்டேன், மொத வீடியோ யாருக்கெல்லாம் போச்சோ அவுகளுக்கெல்லாம் இந்த ரெண்டாவது வீடியோவையும் அனுப்பி உன் பேரைச் சரி பண்ணிருதேன்னு சொன்னேன். குடுங்கன்னு போனை வாங்கினா. ரெண்டாவது வீடியோவ மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கண்ணு கொட்டாமப் பாத்தா. உங்கம்மாவ நான் தள்ளுன்னு சொல்ற எடத்துல மட்டும் என்னை ஒரு தடவை நிமிந்து பாத்தா. பொறவு அவளே அவ விரலால அதை அழிச்சா. மொத வீடியோவையும் தேடி அழிச்சா. டாக்டருக்குக் காட்டியாச்சுல்ல மாமா, நான் செத்துக் கெடக்கிறதை இனிமே ஒருத்தரும் பாக்க வேண்டாம், போனை வச்சு என்னைக் கெட்டவளாக்குனீக, போனை வச்சு என்னை நல்லவளாக்க வேண்டாம், உங்க வாயால சொன்னீகள்ல நடின்னு, நடிக்கலன்னு அதே வாயால போயிச் சொல்லுங்கன்னா. கோவமே இல்லாமச் சொன்னா, கோவப்பட்டிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும்.

போன்ல யார் யாருக்கு அனுப்பினேன்னு பாத்தேன், பதினோரு பேரு இருந்துச்சு. அன்னைக்கு மத்தியானமே ஆரம்பிச்சேன், மொத ஆளு கண்ணுச்சாமி. அவரு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னு, உங்க மக நடிக்கல, நான்தான் பொய் சொன்னேன்னு சொன்னேன். அவரு உள்ள போயி மக கையைப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரு. அடுத்து பரிபூரணம். அதான் பிள்ளை பொழச்சுக்கிட்டால்ல, எதுக்குண்ணே வீடு வீடாப் போயி அசிங்கப்படுதீகன்னு கேட்டா. சத்திரப்பட்டியில ஒருத்தரு அப்பிடி ஒரு வீடியோ வந்ததே ஞாபகம் இல்லன்னாரு, ஒருத்தி அதை இன்னும் நாலு பேருக்கு அனுப்பினேனேன்னு வாயப் பொத்துனா, அந்த நாலு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டுல ஏட்டையாவுக்கு வயசாயிருச்சுன்னு சிரிச்சாக. சிரிக்கட்டும். அவுகவுக போன்ல இருந்து அழிக்கிற வரைக்கும் நின்னுட்டுத்தான் வந்தேன். முப்பத்தோரு வருசத்துல கூண்டுல ஏறி எத்தனையோ சாட்சி சொல்லியிருக்கேன், சொன்ன சாட்சியத் திருப்பி வாங்குறது இதான் மொத தடவை, காலு வலிக்குதுடா.

சத்தியா கடைசியா ஒண்ணு சொன்னா, கேட்டுக்கோ. ஆடியில நீ ஜம்முவுல இருந்து அவளுக்குப் போன் போட்டு என்ன சொன்னன்னு அவ அது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. எங்கப்பா கோர்ட்டுல சாட்சி சொன்ன ஆளு, அவரு வாயில பொய் வராது, நீதான் பொய்யின்னு சொன்னியாமே. உங்க மகன் வரட்டும் மாமா, வந்து எங்க வாசல்ல நின்னு பேசட்டும், நான் வாரதா இருந்தா அதுக்குப் பொறவு நான் சொல்லுதேன்னா. அதனால தைக் கடைசியில நீ ரயில விட்டு எறங்கினதும் இங்க வராத. பெட்டியோட நேரா சோழபுரம் போ. அவ உள்ள வாங்கன்னு சொன்னா உள்ள போ, சொல்லலன்னா வாசல்ல நில்லு. அவ வரலன்னு சொன்னா அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத, அவளை இங்க இழுத்துட்டு வந்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.

உங்கம்மா நீ நல்லா இருக்கணும்னு வெளக்கு ஏத்துறப்பல்லாம் வேண்டிக்கிடுதா, நானும் வேண்டிக்கிடுதேன், மலையில காவல் நிக்கிற எல்லாப் பிள்ளைகளும் சொகமா வீடு திரும்பட்டும். காலுறைய ஈரத்தோட போடாத, கம்பளிய நல்லாப் போத்திக்கோ. உன் போன்ல நான் அனுப்புன அந்த வீடியோ இன்னும் இருக்கும், இந்த லெட்டரை மடிக்கிறதுக்கு முன்னால அதை எடுத்து அழி. நான் அனுப்புன பதினோரு பேருல பத்துப் பேரு வீட்டு வாசல்ல போயி நின்னு சொல்லிட்டேன், பதினோராவது ஆளு நீ. உன் வாசலுக்கு என்னால நடந்து வர முடியல, அதனால இதுல நின்னு சொல்லுதேன் தம்பி, உன் பொண்டாட்டி நடிக்கல, உங்கப்பன் வாயிலதான் பொய் வந்துச்சு.

இப்படிக்கு,
உன் அப்பா,
சோ. சோணைமுத்து.